கயிற்றுக்கு முன் துணி

எங்கள் சபை ஆயர் கேட்டது சின்ன உதவிதான். சபை மலரில் மாதம் ஒருவர், வேதத்தில் தம் வாழ்க்கைக்குப் பாடமாக அமைந்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டும். இந்த மாதம் என் முறை. என் பெயர் தானியேல் என்பதால் வேதத்துத் தானியேலைப் போட்ட சிங்கக் கெபியைப் பற்றி எழுதிவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, நான் எபெத்மெலேக் என்றதும் கொஞ்சம் விழித்தார். "நல்லதுங்கண்ணா, எழுதுங்க. அவரு யாருன்னும் சேத்தி எழுதிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாரென்று பிறகு சொல்கிறேன். அந்தப் பெயர் அன்றைக்குச் சட்டென்று என் வாயில் வந்ததற்குக் காரணம், முந்தின நாள் வந்த ஒரு போன்.

நான் தீயணைப்புத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். ஃபயர்மேனாகச் சேர்ந்து நிலைய அலுவலராக ஓய்வு பெற்றேன். நாமக்கல் பக்கம் நான் கடைசியாக இருந்த நிலையத்துக்கு இப்போது திவ்யா என்கிற பெண் அலுவலராக இருக்கிறார். அவர்தான் பேசினார்.

"ஐயா, ஸ்டோரைச் சுத்தம் பண்றோமுங்க. ஒரு இரும்புப் பெட்டி இருக்குதுங்க. ரிஜிஸ்டர்ல அதுக்கு நம்பரே இல்லீங்க. தொறந்தா பூராவும் பழைய வேட்டிங்க. மேல பெயிண்ட்ல 'கயிற்றுக்கு முன் துணி'ன்னு எழுதி, லாரிக்குப் போடற மாதிரி சுத்தியும் பூப் போட்டிருக்குதுங்க. என்னத்துக்குன்னு ஒரு வரி சொன்னீங்கன்னா, கழிக்கறதா வெக்கறதான்னு எழுதிருவனுங்க."

ஒரு வரியில் சொல்ல வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேனம்மா என்று வைத்துவிட்டேன்.

அவர்களிடம் இப்போது உடம்பு முழுவதும் மாட்டுகிற பெல்ட் இருக்கிறது. தோள், இடுப்பு, தொடை என்று பாரத்தைப் பிரித்து வாங்கிக்கொள்ளும். கிணற்று மேட்டில் நிறுத்த மூன்று கால் தாங்கியும் உண்டு. ஒருமுறை போய்ப் பார்த்தேன், வயிறு குளிர்ந்தது. எங்கள் காலம்தான் காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த பெல்ட் அன்றைக்கு எங்களிடம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

தீயணைப்பு வீரன் என்றால் ஜனங்கள் தீயைத்தான் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் எங்களைப் படுத்தியது கிணறுகள். பாறையை வெடி வைத்துத் தோண்டிய கிணறுகள், எண்பதடி, நூறடி, பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. ஆடு விழும், மாடு விழும், மோட்டாரைப் பார்க்க இறங்கியவர் விழுவார். பயிற்சியில் ஏணி ஏறவும் ஓஸ் பிடிக்கவும் முடிச்சுப் போடவும் சொல்லித்தந்தார்கள். கிணற்று வேலையை நான் கற்றது பழனியப்பன் ஐயாவிடம்.

பழனியப்பன் ஐயா எங்கள் நிலைய அலுவலர். திருச்செங்கோட்டுக்காரர், ஒல்லியான ஆள், அவர் ஓடி நான் பார்த்ததில்லை. எவரிடமும் 'ங்க' போடாமல் பேச மாட்டார். கிணற்றடிக்குப் போனால் முதலில் கூட்டத்தை நாலடி பின்னால் நிறுத்துவார், மண் சரியக் கூடாது என்று. பிறகு விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு உள்ளே இருப்பவரிடம் பேசுவார். "சாமி, உங்க பேரென்னங்க? காலைல என்ன சாப்டீங்க?" உள்ளே ஒருவன் உயிருக்குத் தத்தளிக்கும்போது இட்லியா தோசையா என்று விசாரிக்கிறாரே என்று எனக்கு ஆரம்பத்தில் பற்றிக்கொண்டு வரும். ஆனால் பெயரைச் சொல்லிப் பழையசோறு என்று பதில் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே இருப்பவரின் பதற்றம் பாதி அடங்கியிருக்கும். அதற்குப் பிறகு துணி. கடைசியில்தான் கயிறு.

துணி என்றால் நைந்துபோன பருத்தி வேட்டி. வண்டியில் எப்போதும் ஒரு மூட்டை இருக்கும். தெரிந்த வீடுகளில் எல்லாம் கேட்டு வாங்கி, அவரே துவைத்து மடித்து வைப்பார். புது வேட்டி கொடுத்தால் வாங்க மாட்டார், பாலியஸ்டர் கலந்தது வழுக்கும் என்பார். எங்களிடம் இருந்தது மணிலாக் கயிறு. நனைந்தால் விறைத்து முள்ளாகக் குத்தும். ஆளுக்குக் கயிற்றைக் கட்டும் முன் இரண்டு அக்குளிலும் வேட்டியை நாலு மடிப்பாக வைக்க வேண்டும். பிறகு அக்குளுக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று என்று இரண்டு வளையம் வைத்து நாற்காலி முடிச்சு. ஒருமுறை மேச்சேரிச் சந்தையில் வாங்கிவந்த ஆடு ஒன்று கிணற்றில் விழுந்துவிட்டது. அதற்கும் வயிற்றுக்கு வேட்டி சுற்றித்தான் தூக்கினார். "கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று ஆட்டிடமும் சொன்னார். நாங்கள் வெகுநாள் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

இருபது வருடத்துக்கு முன்னால் இருக்கும், எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அழைப்பு. முற்பகல் நேரம். ஐயா மகள் கல்யாண வேலையாக விடுப்பில் இருந்தார். பொறுப்பு என்னிடம்.

விழுந்தவர் பெயர் முருகேசன், லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். லாரியின் நெற்றியில் ஊர் பேர் எழுதுவது, பக்கப் பலகையில் பூவும் மயிலும் போடுவது எல்லாம் அவர் கை. மாமனார் தோட்டத்துக்கு வந்தவர், மோட்டார் ஓடவில்லை என்று சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கியிருக்கிறார், படிக்கல் வழுக்கிவிட்டது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

வண்டி மரவள்ளிக் காட்டைத் தாண்டிப் போக முடியாமல் ரோட்டிலேயே நின்றது. நாங்கள் கயிற்றை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு ஓடினோம். கிணற்றடியில் ஊரே நின்றது. மோட்டார் குழாயைப் பிடித்தபடி கழுத்தளவு தண்ணீரில் அவர் நின்றிருந்தார், பிடி தளர்ந்துகொண்டிருந்தது. "துணி வண்டியிலேயே இருக்குது, எடுத்தாரட்டுமா?" என்று என் ஆள் கேட்டான். "ஆளு போயிட்டிருக்கான், துணிக்கு என்னடா இப்ப" என்றேன். நானே இறங்கினேன். அவசரத்தில் இரண்டு வளையமும் போடவில்லை. வெற்றுடம்பில், அக்குளுக்கு அடியில் ஒரே சுற்று. மேலே பார்த்து இழுங்கடா என்றேன்.

ஊர்க்காரர்கள் இருபது பேர் ஆர்வத்தில் வெட்டி வெட்டி இழுத்தார்கள். பாதிக் கிணற்றில் கயிறு ஒரு பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கால் மணி நேரம் போல அவர் அப்படியே தொங்கினார், முழுப் பாரமும் அக்குளில். "கை... கை..." என்று முனகினார். தண்ணீரில் நின்றிருந்த எனக்குப் பயமும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. அண்ணாந்து கத்தினேன்: "உசுரு வேணுமா கை வேணுமா?"

அவர் "உசுரு, உசுரு" என்றார். அதோடு மயங்கிவிட்டார்.

ஒருவழியாகக் கயிறு விடுபட்டு ஆள் மேலே வந்து கண் திறந்ததும் எனக்கு மாலை போட்டுத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மறுநாள் பேப்பரில் படம். நிலையத்துக்குத் திரும்பி அறிக்கை எழுதினேன். காயம் என்ற கட்டத்தில் 'ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்குளில் தோல் உரிந்து சிவந்திருந்ததைப் பார்த்தேன். அதெல்லாம் ஒரு காயமா என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து முருகேசனின் மனைவி செல்வி ஒரு டப்பா நிறைய அதிரசம் எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். நன்றி சொல்லத்தான். உட்காரச் சொல்லி, அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"உசுரு பொழைச்சுட்டாருங்க, அது போதுமுங்க. வலது கைதான் வெளங்கலீங்க. பிரஷ்ஷு நிக்க மாட்டேங்குது, சோத்தக்கூட நான்தான் ஊட்டறனுங்க" என்றார்.

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"டாக்டருக்கு இதுல என்னங்க வேலை? கெணத்துக்குள்ள ஒண்ணு இருக்குதுங்க. இவரு தொங்கும்போது கீழ இருந்து கேட்டுச்சாமுங்க, உசுரு வேணுமா கை வேணுமான்னு. இவரு உசுருன்னு சொல்லிட்டாருங்க. அது கையை எடுத்துக்கிச்சு. ராவு முச்சூடும் ஒக்காந்தே இருக்கறாரு, கண்ணை மூடுனா அந்தச் சத்தம் கேக்குதாமுங்க. மந்திரிக்கறவர் ஒருத்தர் மூணு அமாவாசை வரச் சொல்லியிருக்கறாரு."

அந்தக் குரல் என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பேப்பரில் வந்த படம் சுவரில் ஒட்டியிருந்தது. என் ஆட்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள். அறிக்கையில் என் கையெழுத்து இருந்தது. "சரியாயிடும்மா" என்று மட்டும் சொல்லி அதிரசத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் எதுவென்று கேட்டால், கயிற்றைக்கூடச் சொல்ல மாட்டேன். அந்த அதிரசத்தைத்தான் சொல்வேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பழைய ஏற்பாட்டு வாசிப்பு எரேமியா தீர்க்கதரிசியைப் பற்றியது. நகரத்துப் பிரபுக்கள் அவரைக் கயிறு கட்டி ஒரு துரவில், பாழுங்கிணற்றில் இறக்கிவிடுகிறார்கள். உள்ளே தண்ணீர் இல்லை, வெறும் சேறு, அதில் அவர் புதைந்துகொண்டிருக்கிறார். ஊரில் ஆசாரியர்கள் இருந்தார்கள், ஜெபிக்கிறவர்கள் இருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. அரண்மனையில் வேலை பார்த்த எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியன், அந்நிய தேசத்தான், நேரே ராஜாவிடம் போய், நகர வாசலில் எல்லாருக்கும் முன்பாக, இவர்கள் செய்தது தப்பு என்று சொல்கிறான். ராஜா முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்.

இதுவரை எனக்கு முன்பே தெரிந்த கதைதான். அடுத்த வசனத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேனோ, அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. அந்த மனிதன் துரவுக்கு ஓடவில்லை. அரண்மனைக் கிடங்குக்குப் போய்க் கிழிந்த பழந்துணிகளைப் பொறுக்கி எடுக்கிறான். அவற்றை இறக்கிவிட்டு, இதை அக்குளில் வைத்துக்கொண்டு அதன்மேல் கயிறு வரும்படி கட்டிக்கொள்ளுங்கள் என்று உள்ளே இருப்பவரிடம் சொல்கிறான். பிறகுதான் தூக்குகிறான்.

வேதத்தைத் தொட்டுக்கூடப் பார்த்திராத பழனியப்பன் ஐயா தினம் செய்கிற காரியம் அதில் எழுதியிருந்தது. ஞாயிறு தவறாமல் வேதத்தைக் கையில் வைத்திருந்த நான் அதைச் செய்யவில்லை. செய்யாததை மறைத்தும் விட்டேன். வாசலில் எல்லாருக்கும் முன்பாக, தப்பு நடந்தது என்று சொன்னானே அந்த மனிதன், அதுவும் என்னிடம் இல்லை.

ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நிலையத்துக்குப் போனேன். விடுப்பு முடிந்து வந்திருந்த ஐயா, மரத்தடியில் வேட்டி மடித்துக்கொண்டிருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். கடைசி வரை கேட்டார்.

"மூட்டை எங்கிருந்துச்சுங்க?" என்றார்.

"வண்டிலங்கய்யா."

"அவரு பேரைக் கேட்டீங்களா?"

"இல்லீங்கய்யா."

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையிலிருந்த வேட்டியை மடித்து முடித்து வைத்துவிட்டு எழுந்தார். "என்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போவுது? அவருகிட்டச் சொல்லோணும். வாங்க, நானும் வாரேன். இன்னொரு அமாவாசை வந்துரப் போவுது."

போகும்போது பஸ்ஸில் வேலை போகும் என்ற பயம் இருந்தது. அந்த மனிதன் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டேன்.

முருகேசன் கட்டிலில் சாய்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. வலது கை மடியில் கிடந்தது, வேறு யாருடையதோ போல. இடது கையால் கும்பிட முயன்றார். அதற்கு முன் நான் சொல்லிவிட்டேன்.

"கும்பிடாதீங்க. உங்க கை போனது என்னோட கயித்தாலதான். துணி வெச்சுக் கட்டியிருக்கணும். வண்டியில இருந்துச்சு, நான் எடுக்கல. உசுரு வேணுமா கை வேணுமான்னு கேட்டதும் நான்தான். உங்களுக்குக் கீழ தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு இருந்தேன்."

முருகேசன் என்னையே பார்த்தார்.

"அது நீங்களா?" என்றார்.

"நான்தான்."

"வேற ஒண்ணும் இல்லீங்களா உள்ள?"

"வேற ஒண்ணும் இல்லீங்க. நான் மட்டுந்தான்."

"அதே மாதிரி சொல்லுங்க பாப்போம்."

சொல்லிக் காட்டினேன். முதல் தடவை குரல் எழும்பவில்லை. பழனியப்பன் ஐயா, "கெணத்துல சொன்னாப்பலயே சொல்லுங்க" என்றார். கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. முருகேசனுக்கு முதலில் தோள் குலுங்கியது, அழுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு அழவும் செய்தார்.

"செல்வி, இந்த சாருதானாமா. கயிறுதானாமா" என்றார் மனைவியிடம். என்னிடம் திரும்பி, "கயித்தால வந்ததுன்னா டாக்டரு பாப்பாருங்களா?" என்று கேட்டார். திட்டு வாங்கப் போனவன் நான். அந்த மனிதருக்கு என் குற்றம் நல்ல செய்தியாக இருந்தது.

செல்வி மட்டும் என்னைச் சும்மா விடவில்லை. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்லங்க. அதிரசத்த வாங்கி வெச்சுக்கிட்டீங்களே" என்றார். ஆமாம் என்றேன்.

மறுநாளே சேலத்துக்குப் போனோம். அங்கே ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு நரம்பு டாக்டர். எவ்வளவு நேரம் தொங்கினார், கயிறு எந்த இடத்தில் அழுத்தியது, எத்தனை கனம் என்று அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நரம்பு அறுபடவில்லை, நசுங்கியிருக்கிறது, திரும்பி வரும், பொறுமை வேண்டும் என்றார். மூன்று அமாவாசை சும்மா விட்டிருந்தால் விரல்கள் மடங்கி இறுகிப்போயிருக்கும் என்றும் சொன்னார். திரும்பும்போது பஸ் ஊரைத் தாண்டும் முன்பே முருகேசன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நாமக்கல் வரும் வரை எழவில்லை. தோள் மரத்துப்போனது, நான் அசையவில்லை. என்ன ஒரு நிம்மதி அது. சொல்லி முடித்த நிம்மதி.

அறிக்கையைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். மெமோ வந்தது, விளக்கம் கேட்டார்கள், எழுதினேன். பதவி உயர்வு ஒரு சுற்று தள்ளிப்போனது. சுவரிலிருந்த படத்தை நானே கிழித்தேன்.

எபெத்மெலேக்கிடம் நான் கற்றதை ஆயர் எழுதச் சொன்னார் அல்லவா, அதைச் சொல்கிறேன். நாம் பிறரைத் தூக்கிவிட ஆசைப்படுகிறவர்கள். குடிப்பவனை, சபையை விட்டுப் போனவளை, கடனில் விழுந்தவனை. போகும்போது வசனம் என்ற கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். உயிரைக் காப்பாற்ற வந்திருக்கிறேன், வலித்தால் பொறுத்துக்கொள் என்கிறோம். நானும் நிறையப் பேரிடம் அப்படிப் பேசியிருக்கிறேன், கிணற்றுக்கு வெளியிலும். இப்போதெல்லாம் ஒருவர் வீட்டுக்கு ஜெபிக்கப் போனால், சாப்பிட்டீர்களா என்று முதலில் கேட்கிறேன். மற்றது அப்புறம்.

முருகேசனுக்கு விரல்கள் திரும்ப ஏழெட்டு மாதம் ஆயிற்று. ஒருநாள் இரண்டு பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக நிலையத்துக்கு வந்தார்.

"எழுதறதுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா? லாரிக்காரங்க இன்னும் நம்ப மாட்டேங்கறாங்க. கோணலானாலும் திட்டாத எடமா இருந்தாத் தேவலைங்க" என்றார்.

ஐயா ஸ்டோருக்குப் போய் ஒரு காலி இரும்புப் பெட்டியைத் தூக்கிவந்து வெயிலில் வைத்தார். அன்றுவரை மூட்டையாகக் கிடந்த வேட்டிகளை அதில் அடுக்கினார். "என்னங்க எழுதட்டும்?" என்றார் முருகேசன். ஐயா என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியவன் நான்தான் என்று புரிந்தது. சொன்னேன். முதல் எழுத்தைப் போடும்போது அவர் கை நடுங்கியது. இரண்டாவது எழுத்தில் நடுக்கம் குறைந்தது. மூன்றாவதிலிருந்து அவர் எங்களை மறந்துவிட்டார். எழுதி முடித்தவர், கேட்காமலே சுற்றிலும் பூப் போட ஆரம்பித்தார்.

நேற்று திவ்யாவுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். ஒரு வரி கேட்டவர் முக்கால் மணி நேரம் கேட்டார். பெட்டியைக் கழிக்கப் போவதில்லையாம், புது பெல்ட்டுகளை அதில்தான் வைக்கப்போகிறார்களாம். பழைய வேட்டியில் இரண்டை அடியில் விட்டுவைக்கச் சொன்னேன், ஆட்டுக்கு அந்த பெல்ட் பொருந்தாது.

"சரிங்கய்யா. அப்படியே பெயிண்ட் மட்டும் ஒரு கை போட்டர்றோமுங்க. அந்த முதல் எழுத்து 'க' மட்டும் கோணலா இருக்குதுங்க, அழிச்சுட்டு நேரா எழுதிரட்டுங்களா?" என்று கேட்டார்.

"மத்ததுக்கு அடிச்சுக்கம்மா. அந்த எழுத்தை மட்டும் தொடாத" என்றேன்.